படிப்படியாய் அறிவியல்

மழை பெய்து தேங்கிய குட்டைநீர் வெயிலில் எங்கே செல்கிறது? இவ்வினாவிற்கு ஒரு வரியிலும் விடை கூறலாம். பல பக்கங்களிலும் விளக்கலாம்.

பெங்களூருவில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனம், சிறுவர் நூல்களை நான்கு படிநிலைகளாகப் பகுத்து வெளியிடுகிறது. அந்நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில், தமிழ், கன்னடம் உள்ளிட்ட பல மொழிகளில் நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அவற்றுள் அறிவியல் நூல்களும் உள.

குட்டைநீரைப் பற்றி முதற்படிக்கு எழுதினால், “வெயில் வந்தது, குட்டை வற்றியது” என்னும் சில சொற்களும் பெரிய படமும் போதும். அடுத்தடுத்த படிகளில் தொடர்கள் நீளும், காரணங்கள் சேரும். நான்காம் படியில், வெப்பத்தால் நீர் ஆவியாவதையும், காற்று வீசும்போது அது விரைந்து நிகழ்வதையும் விளக்கலாம்.

படிநிலை குறிப்பது, ஒரு மொழியில் ஒருவர் பெற்றுள்ள வாசிப்புப் பயிற்சியையே. கன்னடமும் ஆங்கிலமும் நன்கு படிக்கும் ஆறாம் வகுப்பு மாணவர், தமிழில் முதற்படியிலிருந்து தொடங்குவது இழுக்கன்று. நீர் எங்கே சென்றது என வினவும் அறிவு அவரிடம் முன்பே உள்ளது. அதனைத் தமிழில் கூறுதற்குரிய சொற்களை இந்நூல்கள் படிப்படியாக வழங்குகின்றன.

பயிற்சி

1. படிநிலை எதனைக் குறிக்கிறது?
2. ஈரத்துணி உலர்வதை முதற்படிக்கு ஏற்ப இரண்டு தொடர்களில் எழுதுக.