தோலில் நோயில்லை, ஆனால் இரவெல்லாம் அரிப்பு

நேயர் ஒருவர் கேட்டார்: "டாக்டர், என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முதுகெல்லாம் அரிப்பு, இரவில் தூக்கமே இல்லை. சோப்பை மாற்றியும் பலனில்லை. இது தோல் நோயா?"

பெரும்பாலும் இல்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு வரும் அரிப்பு இது. தோலில் தடிப்பு இருக்காது, நகக்கீறல்தான் இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தாலோ விரலிடுக்கில் பருக்கள் தெரிந்தாலோ அது சிரங்காக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

பலர் மருந்துக்கடையில் ஒவ்வாமை மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். இந்த அரிப்புக்கு ஹிஸ்டமின் முக்கியக் காரணமல்ல. மாத்திரை தூக்கம் தரும். நள்ளிரவில் கழிவறைக்கு எழும் முதியவர் தள்ளாடி விழவும் கூடும்.

காரணங்கள் பல. வியர்வைச் சுரப்பிகள் சுருங்கித் தோல் வறண்டுபோகிறது. ரத்தத்தில் கழிவும் பாஸ்பேட்டும் சேர்கின்றன. நரம்புகளும் தூண்டப்படுகின்றன. ஆகவே, நான்கு மணி நேர டயாலிசிஸை "இன்று போதும்" என்று அரை மணி முன்னதாக முடித்துக்கொள்ளாதீர்கள்.

பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை உணவோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அது உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. படுக்கும்முன் மொத்தமாக விழுங்கினால் வீண். கோலா பானம், சாசேஜ், நெத்திலி ஆகியவற்றில் பாஸ்பேட் அதிகம். நாசி லெமாக்கில் நெத்திலியை ஒதுக்கச் சொன்னால் சிலருக்குக் கோபமே வருகிறது!

வெந்நீர்க் குளியல் அந்த நேரத்துக்குச் சுகம், பிறகு அரிப்பைக் கூட்டும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் உலரும்முன் வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பை உடல் முழுதும் தடவுங்கள். தினம் இருமுறை, விடாமல். குளிர்சாதன அறையில் படுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இதற்கும் அடங்காவிட்டால் மருந்து உண்டு. நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டினைச் சிறு அளவில், டயாலிசிஸ் முடிந்தபின் மருத்துவர் தரலாம். அது சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து. அளவு மீறினால் மயக்கமும் குழப்பமும் வரும். எனவே அடுத்தவர் மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கென்றே டைஃபெலிகெஃபாலின் என்ற ஊசிமருந்தை 2021இல் அமெரிக்கா அங்கீகரித்தது. புற ஊதாக்கதிர்ச் சிகிச்சையும் சிலருக்குக் கைகொடுக்கிறது.

"சொறிச்சல்தானே" என்று அப்பா மருத்துவரிடம் சொல்லாமல் இருந்திருப்பார். அடுத்த முறை நீங்களே உடன் சென்று, எத்தனை இரவு தூங்கவில்லை என்று சொல்லுங்கள். பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளையும் கேளுங்கள். அவர் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். நீரிழிவும் இருந்தால் சொறிந்த புண் ஆறத் தாமதமாகும். டயாலிசிஸ் ஊசி குத்தும் கை சிவந்தோ சீழ் வைத்தோ இருந்தால், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.