ஒரு பானையும் பல பானைகளும்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தமையால் பானையிலுள்ள பருக்கைகள் ஏறத்தாழ ஒரே பதத்தில் இருக்கும்; ஒன்றை நசுக்கிப் பார்த்தாலே போதும். திருமண வீட்டில் பத்துப் பானைகளில் சோறு வேகும்போது நிலைமை வேறு. ஒரு பானையிலிருந்து நூறு பருக்கைகளை எடுத்துச் சோதித்தாலும் மற்ற ஒன்பது பானைகளைப் பற்றி எதுவும் தெரியாது. இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமையால் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு பெரும் விவாதத்துக்கு உள்ளானது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெவில் பென்னட், கற்பித்தல் முறைகளைப் பற்றிய தம் ஆய்வினை 1976ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் 37 பேரையும் அவர்களிடம் பயின்ற ஏறத்தாழ 950 குழந்தைகளையும் அவர் ஆராய்ந்தார். சில ஆசிரியர்கள் பாட வரிசையையும் தேர்வையும் வலியுறுத்தும் கட்டுப்பாடான முறையைப் பின்பற்றினர். சிலர் குழந்தைகளின் விருப்பத்துக்கு இடமளிக்கும் தளர்வான முறையைக் கையாண்டனர். இரண்டையும் கலந்தவர்களும் இருந்தனர். கட்டுப்பாடான முறையில் பயின்றோரே மிகுதியாக முன்னேறினர் என்பது ஆய்வின் முடிவு. இம்முடிவு நாளிதழ்களில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பிரதமர் ஜேம்ஸ் கல்லகன் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையிலும், தளர்வான புதிய முறைகள் குறித்துப் பெற்றோர் கொண்டிருந்த கவலை இடம்பெற்றது. பல ஆசிரியர்களின் உழைப்பே ஐயத்துக்கு உள்ளாகியிருந்த காலம் அது.

பென்னட்டின் முடிவு மிகைகாண் சோதனையில் தேறியது. இச்சோதனை ஒரு கற்பனையிலிருந்து தொடங்குகிறது. ‘இரு முறைகளுக்கும் இடையே உண்மையில் வேறுபாடே இல்லை’ என்று முதலில் வைத்துக்கொள்வர். இதற்கு இன்மை எடுகோள் என்று பெயர். அந்நிலையிலும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுவர். வாய்ப்பு மிகச் சிறியதாயின், வழக்கமாக 5 விழுக்காட்டுக்கும் குறைவாயின், எடுகோளைக் கைவிடுவர்.

கணக்கீட்டில் பிழை இல்லை. குழந்தைகளை எண்ணிய விதத்தில்தான் பிழை. ஒவ்வொரு குழந்தையும் மற்றவரோடு தொடர்பற்ற தனிச்சாட்சியாகக் கொள்ளப்பட்டது. ஒரே வகுப்பில் அமர்ந்திருப்போர் ஒரே ஆசிரியரின் சொல்லைக் கேட்கின்றனர். ஒரே கரும்பலகையைப் பார்க்கின்றனர். அவர்களுடைய மதிப்பெண்கள் ஓரளவு ஒத்தே அமையும். மேலும், கற்பித்தல் முறை ஆசிரியருக்கு உரியது. ஆகவே உண்மையில் ஒப்பிடப்பட்டவை 37 பானைகளே.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் அறியலாம். 40 வகுப்புகளில், வகுப்புக்கு 25 பேராக, 1,000 மாணவர் உள்ளனர் என்க. வகுப்புத் தோழரிடையே உள்ள ஒற்றுமையின் அளவு 0.2 என்க. (ஒற்றுமையே இல்லையெனில் இது 0, வகுப்பினர் அனைவரும் ஒரே நிலையினர் எனில் 1.) 24 தோழர்களை 0.2ஆல் பெருக்கி 1 கூட்டினால் 5.8 வரும். 1,000ஐ 5.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 172. ஆயிரம் பேரும் சேர்ந்து 172 தனிச்சாட்சிகள் தரும் செய்தியையே தருகின்றனர்!

இரு முறைகளுக்கும் இடையே 4 மதிப்பெண் வேறுபாடு காணப்பட்டதென்றும், மாணவரைத் தனித்தனியே எண்ணியபோது அதன் நம்பிக்கை இடைவெளி 1 முதல் 7 வரை என்றும் கொள்வோம். 5.8இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.4. இடைவெளியும் அத்தனை மடங்கு அகன்று, ஏறத்தாழ −3 முதல் 11 வரை ஆகிறது. இப்போது சுழியம் உள்ளே வந்துவிட்டது.

மாணவரை முதல் நிலையாகவும் வகுப்பை இரண்டாம் நிலையாகவும் கொண்டு கணக்கிடும் முறை பல்நிலைப் பகுப்பாய்வு எனப்படும். மர்ரே ஐட்கினும் அவருடன் பணியாற்றியோரும் பென்னட்டின் தரவுகளை இவ்வகையில் மீண்டும் ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். முன்பு தெளிவாகத் தெரிந்த வேறுபாடு இம்முறை உறுதிப்படவில்லை. அம்மறு ஆய்வுகளுள் ஒன்றில் பென்னட்டும் ஓர் ஆசிரியராகப் பங்கேற்றார். தம் முடிவைத் தாமே மறுபடி சோதிக்க முன்வருவோர் எத்துறையிலும் சிலரே.

எனினும், ‘உறுதிப்படவில்லை’ என்பதை ‘வேறுபாடு இல்லை’ என்று படிப்பது மற்றொரு பிழை. −3 முதல் 11 வரை என்னும் இடைவெளி, கட்டுப்பாடான முறை 11 மதிப்பெண் மேலானதாகவும் இருக்கலாம், 3 மதிப்பெண் தாழ்ந்ததாகவும் இருக்கலாம் என்கிறது. 95 விழுக்காட்டு நம்பிக்கை என்பதும் இந்த ஓர் இடைவெளிக்கு மட்டும் உரிய வாய்ப்பன்று. இதே வழியில் நூறு ஆய்வுகள் செய்து நூறு இடைவெளிகளைக் கண்டால், அவற்றுள் ஏறத்தாழ 95 உண்மை அளவைத் தம்முள் கொண்டிருக்கும் என்பதே அதன் பொருள்.

இடைவெளியைக் குறுக்க வழி உண்டா? அதே 40 வகுப்புகளில் வகுப்புக்கு 50 பேராக 2,000 மாணவரைச் சோதித்தாலும், 172 என்பது 185 ஆகவே உயரும். வகுப்புக்கு 25 பேராக 80 வகுப்புகளுக்குச் சென்றால், அதே 2,000 மாணவர் 345 தனிச்சாட்சிகளுக்கு ஈடாவர்.