நடுவுநிலை காக்கும் சோதனை

நுழையும்முன்

மருந்து உண்டோம்; நோய் தீர்ந்தது. எனவே மருந்தே நோயைத் தீர்த்தது என்று முடிவு செய்கிறோம். புதிய உரமிட்டோம், விளைச்சல் பெருகியது. எனவே உரமே விளைச்சலைப் பெருக்கியது என்கிறோம். இம்முடிவுகள் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். மருந்தின்றியே அந்நோய் தணிந்திருக்கக்கூடும். அவ்வாண்டின் மழையே விளைச்சலைக் கூட்டியிருக்கக்கூடும். ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதும் ஒன்றினால் மற்றொன்று நிகழ்வதும் வேறு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியப் புள்ளியியல் வகுத்த நெறிகளையும், அந்நெறிகள் நம் தலைநகரில் விடை கண்ட ஒரு வினாவையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வினா பிறந்த சூழல்

தாம்பரத்தை ஒட்டிய தொடர்வண்டி நிலையம் ஒன்றிற்குத் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர். அங்குள்ள காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய்க்கு மருந்து அறியப்படாத காலத்தில் தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே மருத்துவமாகக் கருதப்பட்டன. அவற்றை வழங்குவதற்காக ஊருக்கு வெளியே எழுப்பப்பட்ட மருத்துவ விடுதிகளே சானடோரியங்கள்.

1950களில் காசநோய்க்கு ஆற்றல் மிக்க மருந்துகள் கிடைத்துவிட்டன. ஆயினும் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட இந்தியாவில் இருந்த மருத்துவமனைப் படுக்கைகள் மிகக் குறைவு. படுக்கை கிடைக்காதவர் வீட்டிலிருந்தே மருந்துண்டு பிழைக்க இயலுமா? இயலும் என்றால் பல்லாயிரம் ஏழைகளுக்கு வழி பிறக்கும். இயலாது என்றால், வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்புவது அவர்களை ஏமாற்றுவதாகும்.

ஐயுற்றோர் கூறிய காரணங்கள் வலுவானவை. ஏழைகளின் வீட்டில் போதிய உணவில்லை, ஓய்வுக்கு இடமில்லை, நெரிசலான அறையில் உடன் வாழும் குழந்தைகளுக்கு நோய் தொற்றலாம். மறுதரப்பினரோ, மருந்தே நோய்க்கிருமியை அழிக்கிறது, இடம் அன்று என்று கருதினர். இரு தரப்பிலும் அறிவுடையோர் இருந்தனர். ஆகவே இவ்வழக்கைக் கருத்துகளால் தீர்க்க இயலாது; சோதனையால்தான் தீர்க்க இயலும்.

ஒப்பீடு

சோதனை என்றவுடன் எளிய வழி ஒன்று தோன்றும். ஏற்கெனவே சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஏற்கெனவே வீட்டில் இருந்தவர்களையும் கணக்கெடுத்து, எவர் மிகுதியாக நலம் பெற்றனர் என்று பார்த்தால் போதாதா? போதாது. நோய் முற்றியவர்களே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால், அங்கு இறப்பு மிகுந்து காணப்படும். குற்றம் மருத்துவமனையுடையது அன்று. வசதி படைத்தவர்களே அங்கு இடம் பெற்றிருந்தால், நலம் மிகுந்து காணப்படும். பெருமையும் மருத்துவமனையுடையது அன்று. ஒப்பிடப்படும் இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருந்தால், முடிவில் காணும் வேறுபாட்டுக்குக் காரணம் எது என்று கூற இயலாது.

எனவே, சோதிக்கப்படும் முறை நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் ஒத்த இரு குழுக்கள் வேண்டும். அவற்றுள் ஒப்பிடுவதற்கென அமையும் குழுவைக் கட்டுப்பாட்டுக் குழு என்பர். இரு குழுக்களும் ஒரே காலத்தில் கவனிக்கப்படவும் வேண்டும். ஆனால், மனிதர் எவரும் மற்றொருவரை முற்றும் ஒத்திருப்பதில்லை. பின் ஒத்த குழுக்களை எவ்வாறு பெறுவது? இதற்கான விடை முதலில் மருத்துவமனையில் தோன்றவில்லை, வயலில் தோன்றியது.

வயல் கற்பித்த நெறிகள்

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் உள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843ஆம் ஆண்டு முதல் உரங்கள் பற்றிய வயல் ஆய்வுகள் நடந்துவந்தன. 1919இல் அங்குப் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர், ஆய்வு முடிந்தபின் எண்களை ஆராய்வதைவிட, ஆய்வைத் தொடங்கும் முன்னரே முறையாக வடிவமைப்பது இன்றியமையாதது என்று உணர்ந்தார். 1935இல் வெளிவந்த ‘சோதனைகளின் வடிவமைப்பு’ என்னும் அவர் நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று. அவர் வலியுறுத்திய நெறிகள் மூன்று.

முதலாவது, மீளச்செய்தல். வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய உரமும் மறுபாதிக்குப் புதிய உரமும் இட்டால், கிடைப்பது ஒரே ஓர் ஒப்பீடு. புதிய உரமிட்ட பாதி தாழ்வாக அமைந்து ஈரம் காத்திருக்கலாம். வயலைப் பல சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வோர் உரத்தையும் பல பாத்திகளில் இட்டால், ஒரே உரமிட்ட பாத்திகளுக்கிடையே கூட விளைச்சல் எவ்வளவு வேறுபடுகிறது என்பது தெரியவரும். இயல்பாக எழும் இவ்வேறுபாட்டைச் சோதனைப் பிழை என்பர். உரங்களுக்கிடையே காணும் வேறுபாடு இப்பிழையை விஞ்சி நிற்கிறதா என்பதே வினா. பாத்திகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால், சராசரியின் திட்டப்பிழை பாதியாகக் குறையும். ஆனால், ஒரே பாத்தியின் விளைச்சலை நான்கு முறை நிறுத்துப் பார்ப்பது மீளச்செய்தல் ஆகாது. அது தராசின் பிழையைக் குறைக்குமேயன்றி மண்ணின் வேறுபாட்டைக் காட்டாது.

இரண்டாவது, சமவாய்ப்பு முறையில் பகிர்தல். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கக் கூடாது; திருவுளச்சீட்டைப் போன்ற சமவாய்ப்பு முறையே தீர்மானிக்க வேண்டும். அறிவுள்ள ஆய்வாளரின் தேர்வைவிடக் குருட்டுச் சீட்டின் தேர்வு எவ்வாறு சிறந்ததாகும்? புதிய உரத்தின்மீது விருப்பம் கொண்டவர் தம்மை அறியாமலேயே நல்ல பாத்திகளை அதற்கு ஒதுக்கிவிடுவார். நேர்மையாக நடக்க முயல்பவரும் தமக்குத் தெரிந்த வேறுபாடுகளை மட்டுமே சமன்செய்ய இயலும். சீட்டுக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அது நாம் அறிந்தவற்றையும் அறியாதவற்றையும் ஒருசேர இரு பக்கமும் பரப்பிவிடுகிறது. அன்றியும், பகிர்வு சமவாய்ப்பில் நிகழ்ந்திருந்தால்தான், தற்செயலாகவே இத்தகைய முடிவு கிடைப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கணக்கிட இயலும்.

மூன்றாவது, இடக்கட்டுப்பாடு. வேறுபாடு ஒன்று முன்னரே தெரிந்திருக்குமானால் அதனைச் சீட்டிடம் முழுவதும் விட்டுவிட வேண்டியதில்லை. வயல் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருப்பின், மேட்டுப் பாத்திகளை ஒரு தொகுதியாகவும் பள்ளத்துப் பாத்திகளை மற்றொரு தொகுதியாகவும் கொண்டு, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா உரங்களையும் தனித்தனியே சமவாய்ப்பு முறையில் பகிரலாம். அப்போது மேடு மேட்டுடனும் பள்ளம் பள்ளத்துடனும் ஒப்பிடப்படும். சுருங்கக் கூறின், அறிந்த வேறுபாட்டைத் தொகுதியாக்குக. அறியாத வேறுபாட்டைச் சமவாய்ப்பிடம் விடுக.

தெரிந்து தெளிவோம்

தேநீரில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேயிலை வடிநீரா என்பதைச் சுவைத்தே கூறமுடியும் என்றார் ஓர் அம்மையார். அதனைச் சோதிக்கும் முறையை ஃபிஷர் தம் நூலில் விளக்குகிறார். எட்டுக் கோப்பைகளுள் நான்கில் பாலும் நான்கில் வடிநீரும் முதலில் ஊற்றப்படும். அவை சமவாய்ப்பு வரிசையில் அவரிடம் தரப்படும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் சேர்வுகள் 70. எனவே, சுவையறியாத ஒருவர் வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகக் கூறுவதற்கான நிகழ்தகவு 70இல் 1. கோப்பைகள் ஆறாகக் குறைந்தால் அது 20இல் 1 ஆகிவிடும். சோதனையின் அளவு அதன் நம்பகத்தன்மையை மாற்றுவதை இங்குக் காணலாம்.

வயலிலிருந்து மருத்துவமனைக்கு

1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை எங்கும் எழுந்தது. பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்தோ மிகச் சிறிதளவு. அனைவருக்கும் தர இயலாத அந்நிலையில், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒரு சோதனையை மேற்கொண்டது. அதனை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்.

நோயாளிகள் 107 பேருள் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டுமே அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பதைச் சமவாய்ப்பு எண்கள் தீர்மானித்தன. அம்முடிவு முத்திரையிட்ட உறைகளில் மறைத்து வைக்கப்பட்டது. நோயாளியைச் சோதனைக்கு ஏற்றுக்கொண்ட பின்னரே உறை திறக்கப்பட்டது. மருத்துவமனைவாரியாகவும் ஆண், பெண் எனவும் தனித்தனி வரிசைகள் அமைக்கப்பட்டன. ஃபிஷரின் தொகுதிகள் இங்கே மருத்துவமனைகளாக உருமாறியதைக் காண்க. மார்பு எக்ஸ்கதிர்ப் படங்களை மதிப்பிட்டோருக்கு, எப்படம் எக்குழுவினருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை. பகிர்வில் மட்டுமன்றி, அளவிடுவதிலும் விருப்பு வெறுப்பு நுழையக் கூடாது என்பதே இம்மறைப்பின் நோக்கம்.

ஆறு திங்களில் மருந்து பெற்ற 55 பேருள் 4 பேரும், மருந்து பெறாத 52 பேருள் 14 பேரும் இறந்தனர். 1948இல் வெளியான இம்முடிவு மருந்தின் ஆற்றலை ஐயமற நிறுவியது. மற்றொன்றும் நோக்கத்தக்கது. மருந்து பெறாதவர்களுள்ளும் சிலர் நன்கு தேறினர். கட்டுப்பாட்டுக் குழு இல்லாதிருப்பின் அத்தகையோரின் நலமும் மருந்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

சென்னை தந்த விடை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு அமைப்பு ஆகியவை, மேற்கூறிய பிரிட்டன் குழுவுடன் இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. வீடா, சானடோரியமா என்னும் வினா அங்குச் சோதனைக்கு வந்தது.

நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் சோதனையில் சேர்க்கப்பட்டுச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பகிரப்பட்டனர். இரு குழுவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் அதே இரு மருந்துகள் ஓராண்டுக்கு அளிக்கப்பட்டன. ஒரு குழு சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் செவிலியர் கவனிப்பும் பெற்றது. மற்றொரு குழு தத்தம் வீட்டில் வாழ்ந்துகொண்டு, மையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றது. பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று, மருந்து ஒழுங்காக உண்ணப்படுகிறதா என்று கண்காணித்தனர்.

முடிவு 1959இல் வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் சானடோரியக் குழுவில் 92 விழுக்காடு. வீட்டுக் குழுவில் 86 விழுக்காடு. இவ்வளவு பேரைக் கொண்ட சோதனையில் ஆறு விழுக்காட்டு வேறுபாடு தற்செயலாகவும் எழக்கூடியதே. உணவிலும் ஓய்விலும் வீட்டுக் குழுவினர் பெரிதும் பின்தங்கியிருந்தும் நலம் பெறுவதில் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும், சானடோரியம் சென்றோரின் குடும்பத்தினரைவிட நோய் மிகுதியாக வரவில்லை.

அறிஞர் பலரின் அச்சம் இவ்வாறு நீங்கியது. வீட்டிலிருந்தே மருத்துவம் பெறுதல் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் காசநோய் ஒழிப்புப் பணியின் அடிப்படையாயிற்று. அன்று தொடங்கிய மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் சென்னை சேத்துப்பட்டில் இயங்கிவருகிறது.

சோதனையின் எல்லையும் அறமும்

ஒரு சோதனை, கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை தரும். மேற்பார்வையின்றி மருந்தைக் கொடுத்தனுப்பினால் போதும் என்று சென்னை ஆய்வு கூறவில்லை. கண்காணிப்புடன் கூடிய வீட்டு மருத்துவத்தையே அது சோதித்தது. உணவு தேவையில்லை என்றும் அது கூறவில்லை. உணவுக் குறைவு மருந்தின் பயனை அழித்துவிடவில்லை என்பதையே காட்டியது. முடிவை அதன் எல்லைக்குள் நிறுத்திப் படிப்பதும் ஆய்வுநெறியின் பகுதியே.

மனிதரை ஒரு குழுவில் சேர்ப்பதைச் சீட்டிடம் விடுவது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். எம்முறை சிறந்தது என்பது உண்மையிலேயே அறியப்படாத நிலையில் மட்டுமே அது முறையாகும். அந்நிலையில் சோதனை செய்யாது விடுதலே பெருந்தீங்கு. சென்னை ஆய்வு நடவாதிருந்தால், படுக்கைக்குக் காத்திருந்தே பலர் மடிந்திருப்பர்.

ஒப்பிடுதல், மீளச்செய்தல், சமவாய்ப்பில் பகிர்தல், அறிந்த வேறுபாட்டைத் தொகுத்தல், மதிப்பிடுவோரிடமிருந்து மறைத்தல் ஆகிய அனைத்தும் ஒரே நோக்குடையவை. நாம் விரும்புவதை உண்மை என்று நாமே நம்பிவிடாமல் அவை நம்மைக் காக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. ‘இம்மருந்தால் நூறு பேர் குணமடைந்தனர்’ என்னும் விளம்பரத்தை நம்புமுன் நீங்கள் கேட்க வேண்டிய வினாக்களைப் பட்டியலிடுக.

2. அதிகாலையில் படிப்பது, இரவில் படிப்பது ஆகியவற்றுள் எது நினைவில் நிற்கிறது என்பதை அறிய, உங்கள் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனையை வடிவமைக்க. மாணவர்கள் தாம் விரும்பிய குழுவில் சேர அனுமதித்தால் எழும் குறையை விளக்குக.