கம்பி வழி வந்த உலகம் – 11: டிவிக்கு முன்பே!

2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்து, தனியார் கேபிள் சாம்ராஜ்யத்தை எப்படி ஆட்டிப் பார்த்தது என்று போன வாரம் பார்த்தோம். அந்தக் கம்பியை மக்கள் தாங்களாகவே கழற்றி வைக்கத் தொடங்கிய கதை இந்த வாரம்.

"ஜனங்களுக்கு சீரியல் அலுத்துப்போச்சு, அதான் ஓடிடி பக்கம் போயிட்டாங்க" என்று சின்னத்திரையில் இருப்பவர்களே சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சீரியலை மக்கள் இன்றும் பார்க்கிறார்கள். பார்க்கும் இடமும் நேரமும்தான் மாறியிருக்கின்றன. அவர்களை அப்படி மாற வைத்ததில் பெரும்பங்கு சேனல் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு விதி வகுத்தவர்களுக்கும் உண்டு.

2019 பிப்ரவரி 1. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்த நாள். வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் 100 சேனல்கள் வரை இணைப்புக்கு மட்டும் 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தார்கள். கட்டணச் சேனல் எதையும் கேட்காதவரும் மாதம் 153 ரூபாய் கட்ட வேண்டும். கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. தொகுப்பில் சேர்க்க வேண்டுமானால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு விதித்தார்கள். பெரிய சேனல்கள் அந்த உச்சவரம்பிலேயே போய் உட்கார்ந்துகொண்டன. தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் செலவு ஏறும். நிறுவனம் கட்டிக்கொடுக்கும் தொகுப்பை வாங்கினால் மலிவு. அப்படியென்றால் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு என்ன பொருள்?

அந்த நாட்களில் எங்கள் தெருவில் கேபிள்காரர் அச்சடித்த பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். நெருக்கி அடித்த சின்ன எழுத்து. சேனல் பெயர், எண், விலை. எதிர்வீட்டு அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு சன், விஜய், கேடிவி வந்தாப் போதும். மத்ததெல்லாம் எடுத்துடு."

"எடுத்தாலும் 153 ரூபா கட்டித்தாம்மா ஆகணும். அது சேனலுக்கு இல்ல, லைனுக்கு."

"பாக்காததுக்குக் காசு வேணாம்னுதானப்பா டிவியில சொன்னாங்க?"

அவரிடம் பதில் இல்லை. விதியை எழுதியவர் அவரில்லை. ஆனால் வாசலில் நின்று பேச்சு வாங்கியது அவர்தான். 70 ரூபாய்க்குப் பழகிய வீடுகளில் அரசு கேபிள் கட்டணமே 200 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதை 130 ரூபாயும் ஜிஎஸ்டியுமாகக் குறைக்க வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பம் நடந்த அதே 2019-ல்தான் ஹாட்ஸ்டார் 365 ரூபாய்க்கு விஐபி சந்தாவைக் கொண்டுவந்தது. மாதத்துக்கல்ல, வருஷத்துக்கு 365. கையில் போன் ஏற்கெனவே இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததிலிருந்து டேட்டாவும் கிட்டத்தட்ட சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு ஜிபிக்கு இருநூற்றுச் சொச்சம் கொடுத்த நாட்டில், ஒரு எபிசோடைப் போனில் பார்ப்பது ஆடம்பரம். ஜியோவுக்குப் பிறகு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

விஐபி சந்தாவில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஸ்டார் குழுமத்து சீரியல்களை டிவியில் வருவதற்கு முன்பே, காலை 6 மணிக்கே பார்க்கலாம். டிவி சேனலையும் ஆப்பையும் நடத்தியது ஒரே நிறுவனம்தான். தன் சேனலுக்காக மாலை வரை காத்திருப்பவரை அதுவே கூப்பிட்டு, 'காத்திருக்க வேண்டாம், இங்கே வாருங்கள்' என்று சொன்னது. டிவியின் பலமே நேரம்தான். மெட்டி ஒலி, கோலங்கள் ஓடிய நாட்களில் சமையலும் பிள்ளைகளின் படிப்பும் அந்த அரை மணி நேரத்தைச் சுற்றித்தான் அமைந்தன. அந்தப் பிடியை ஒரு சேனல் குழுமமே தளர்த்திவிட்டது.

தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில், காலை நேர மகளிர் பெட்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு இரண்டு பெண்கள், அன்று இரவு டிவியில் வரவேண்டிய எபிசோடைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்கதை வந்தால் விரலால் தட்டித் தள்ளுகிறார்கள். டைட்டில் பாட்டு, தள்ளு. ஒரு வார்த்தை கேட்டு ஏழு பேர் முகத்தை மாறி மாறிக் காட்டும் ஸ்லோமோஷன், தள்ளு. குரோம்பேட்டையில் ஆரம்பித்தது கிண்டி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை டிவிக்காரர்கள் இன்னும் உணரவில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் செய்ததெல்லாம் இரண்டு சீரியலைச் சேர்த்து 'மகா சங்கமம்' போட்டதும், சனிக்கிழமைக்கும் எபிசோடை நீட்டியதும்தான்.

விளம்பர விஷயத்திலும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. 2013-ல் அதை டிராய் கறாராக அமல்படுத்தப் போனபோது சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. பார்வையாளர் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

சினிமாவில் இதைவிட வேகம். பண்டிகை நாளில் 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்ற அறிவிப்பு வந்தால் ஒரு காலத்தில் தெருவே வெறிச்சோடும். 2020 மே மாதம் பொன்மகள் வந்தாள் தியேட்டரைத் தாண்டி நேராக ஓடிடிக்கு வந்தது. அந்த நவம்பரில் சூரரைப் போற்று, அடுத்த நவம்பரில் ஜெய் பீம். கொரோனா முடிந்த பிறகும் வழக்கம் மாறவில்லை; தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் படம் போனுக்கு வந்துவிடுகிறது. தீபாவளிக்கு டிவியில் போடும்போது வீட்டில் எல்லோரும் பார்த்து முடித்திருக்கிறார்கள். கிரிக்கெட்டும் நகர்ந்தது. 2022 ஜூனில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் டிஜிட்டல் உரிமை 23,758 கோடிக்கும் டிவி உரிமை 23,575 கோடிக்கும் போயின. அடுத்த ஆண்டே ஜியோசினிமாவில் போட்டிகள் இலவசம்.

கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பும் இஒய் நிறுவனமும் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2018-ல் 15.1 கோடியாக இருந்த கட்டண டிவி வீடுகள் 2024-ல் 11.1 கோடி. போனவர்கள் எல்லோரும் ஓடிடிக்குப் போகவில்லை. வடமாநிலங்களில் பெருங்கூட்டம் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்கு மாறியது. தமிழ்ச் சேனல்கள் அதில் சொற்பம் என்பதால் இங்கே அந்த வழி குறுகல்.

சரி, ஓடிடிக்குப் போனவர்களுக்கு அங்கே நிலவரம் என்ன? 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் ஒன்றாகிவிட்டன. அதே ஆண்டு ஜூனில் பிரைம் வீடியோவிலும் விளம்பரம் வந்துவிட்டது, வேண்டாமென்றால் தனிக்காசு. சேனலுக்கு விலை வரம்பும் விளம்பர வரம்பும் எழுத்திலாவது இருக்கின்றன. ஓடிடிக்கு இரண்டுமே இல்லை. டிராய் சேனலுக்குச் செய்ததில் தப்புகள் இருந்தன. அதற்காக ஓடிடி பக்கம் யாருமே எட்டிப்பார்க்காமல் இருப்பதும் சரியாகாது. சந்தாவை ஏற்றும்போதாவது சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே.

எனக்குப் பெரிய கவலை கேபிள்காரரைப் பற்றித்தான். அவரைப் போன்ற பலர் இப்போது அதே வீடுகளுக்கு ஃபைபர் இழுத்து இன்டர்நெட் விற்கிறார்கள். முறுக்கிச் செருகினால் ஓடிய கோஆக்சியல் வயர் அல்ல இது. தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழையை மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும். அந்த மெஷினை வாங்கக் கடன், அந்தக் கடன் அடைவதற்குள் பெரிய கம்பெனி அதே தெருவில் மூன்று மாதம் இலவசம் என்று வந்து நிற்கிறது. மழை பெய்து லைன் போனால் ராத்திரி பத்து மணிக்கும் மாடியேறி வந்தவர் அவர். எதிர்வீட்டு அம்மாவின் செட்டாப் பாக்ஸை இன்றைக்கும் ரீசார்ஜ் செய்து கொடுப்பவரும் அவரே. அவருக்கான கடனுதவி பற்றியும், அரசு கேபிளின் கட்டமைப்பை அவரைப் போன்றவர்கள் ஃபைபருக்குப் பயன்படுத்த விடுவது பற்றியும் அரசு இப்போதே பேச வேண்டும். இன்னும் ஐந்து வருஷம் போனால் பேசுவதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம்: எந்த சீரியல் முதலிடம் என்று முடிவு செய்யும் அந்த மீட்டர் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது?

(தொடரும்)