ஒலியைப் பகிர்ந்தளிக்கும் முறை

திருமலையில் பிரம்மோற்சவ நாட்களில் மாட வீதிகள் நான்கிலும் பக்தர்கள் நிறைந்திருப்பர். அன்னமாசாரியரின் கீர்த்தனையாயினும், காணாமற்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பாயினும், ஒலிபெருக்கியின் வாயிலாகவே அவர்களை எட்டவேண்டும். சித்தூர்ப் பகுதிக் கிராமக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். ஓசை செவியில் விழுந்தும் சொல் விளங்காவிடில் பயன் யாது?

சத்தத்தைக் கூட்டினால் தெளிவும் கூடும் என்பது பொதுவான எண்ணம். அது சரியன்று. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலியின் அளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது. கடைசி வரிசைக்கு எட்டுமாறு ஒரே கூம்பு ஒலிபெருக்கியை முடுக்கினால், முன்வரிசையினரின் செவி நோகும். ஆகவே, சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றைப் பரவலாக அமைத்துத் தணிந்த அளவில் இயக்குவதே நன்று. அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை குறையும்.

இதிலும் ஓர் இடர் உண்டு. கம்பியில் மின்சாரம் கணத்தில் பாய்கிறது. காற்றில் ஒலியோ, 30 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில், வினாடிக்குச் சுமார் 350 மீட்டரே செல்கிறது. மேடைக்கு 35 மீட்டர் தொலைவில் நிற்பவரை மேடை ஒலி பத்தில் ஒரு வினாடி கழித்தே அடையும். அருகிலுள்ள ஒலிபெருக்கி அதற்கு முன்பே பேசிவிடும். ஒரே சொல் இருமுறை ஒலித்துக் குழப்பம் விளையும்.

இதற்குப் பரிகாரம் காண, ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்மட் ஹாஸ் 1951-இல் வெளியிட்ட ஆய்வு உதவிற்று. ஒரே ஒலி, சுமார் முப்பதில் ஒரு வினாடிக்குள் இரு இடங்களிலிருந்து வந்தால், செவி அவற்றை ஒன்றாகவே கொள்கிறது. முதலில் வந்த திசையையே பிறப்பிடமாக உணர்கிறது. எனவே, அருகிலுள்ள ஒலிபெருக்கியைப் பத்தில் ஒரு வினாடிக்குச் சற்று மேலாகத் தாமதிக்கச் செய்தால், சொல் தெளிவுறும்; பேச்சும் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். இன்றைய மின்னணுச் சாதனங்கள் இத்தாமதத்தை எளிதில் அளிக்கின்றன.

ஒலியின் இடத்தையே இசையின் அங்கமாக்கியவர்களும் உளர். சண்டிகர் நகரை வகுத்த லெ கொர்பூசியேயின் நிலையத்தில் உருவான பிலிப்ஸ் மண்டபம், 1958-இல் பிரஸ்ஸல்ஸ் பொருட்காட்சியில் திறக்கப்பட்டது. அங்கே, எட்கார் வரேஸ் இயற்றிய மின்னணு இசை 300-க்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகளின் வழியே சுவருக்குச் சுவர் நகர்ந்தது. 1974-இல் பாரிஸில் பிரான்சுவா பேல், வாத்திய கோஷ்டியைப் போல் ஒலிபெருக்கிகளை மேடையில் வரிசைப்படுத்தினார்.

ஆசிரியர்கள் இதனை மைதானத்திலேயே விளக்கலாம். ஒரு மாணவன் தாம்பாளத்தைத் தட்டினால், 175 மீட்டருக்கு அப்பால் நிற்போர், அவன் கை தாழ்ந்து அரை வினாடி கழித்தே ஓசையைக் கேட்பர். களப்பணியாளர் செய்யவேண்டுவது ஒன்று: கூட்டம் தொடங்குமுன் கடைசி வரிசைக்குச் சென்று, அங்கு சொல் விளங்குகிறதா எனக் கேட்டறிதல் வேண்டும்.