தட்டொலியும் காரணந் தேடலும்: ஒரு ஸ்போர்ட்ஸ் காரை முன்வைத்து

காரணமின்றிக் காரியமில்லை என்பது தருக்க நூலோர் பலர்க்கும் உடன்பாடான முடிபாகும். ஆயினும் காரியம் கண்முன் நிற்கக் காரணம் மறைந்து நிற்பதே பெரும்பாலான துறைகளில் நாம் எதிர்நோக்கும் நிலைமை. நோயின் மூலத்தை நாடும் மருத்துவரும், சமுதாய மாற்றத்தின் ஏதுக்களை ஆராயும் வரலாற்றாசிரியரும் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர். கராஜொன்றில் எண்ணெய் படிந்த கைகளுடன் உழைக்கும் திருத்துநரும் அதே இடர்ப்பாட்டை நாள்தோறும் எதிர்கொள்கின்றார் என்பது கல்விமான்களால் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் அடியிலிருந்து விடாது எழும் 'டொக்' என்ற தட்டொலியை எடுத்துக்கொண்டு, அதன் மூலத்தைக் கண்டறியும் முறையினை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

எடுத்துக்கொண்ட வாகனம்

நாம் உதாரணமாகக் கொள்வது எம்.ஜி.பி. என்னும் பிரித்தானியக் காராகும். சிட் எனெவர் என்னும் பொறியியலாளரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இது, ஒக்ஸ்போட்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் நகரில் 1962 தொடக்கம் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. 1980இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர் கலைந்து சென்றனர். அவர்கள் பூட்டிய கார்கள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பேணும் அறிவு இன்று சிறு கராஜ்களிலும், சொந்தக் கையாலே திருத்தும் உரிமையாளரிடத்துமே பெரிதும் தங்கியுள்ளது.

இக்காரின் அமைப்பு எளிமையானது. முன்புறத்தில் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம். அதனையடுத்துக் கிளச்சும் கியர்ப் பெட்டியும். அங்கிருந்து பின்னோக்கிச் செல்லும் செலுத்துதண்டு. தட்டு ஸ்பிறிங்குகளின்மேல் அமர்ந்த பின்னச்சு. அதன் இரு முனைகளிலும் சில்லுகள். விரும்பியோருக்கு ஆரக்கம்பிகள் பூட்டிய கம்பிச் சில்லுகளும் வழங்கப்பட்டன. இக்கம்பிச் சில்லு நமது ஆராய்ச்சியில் முக்கிய இடம்பெறும்.

தட்டொலி பிறக்கும் விதம்

தட்டொலியொன்று பிறப்பதற்கு இரு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, தம்முள் பொருந்திய இரு பாகங்களுக்கிடையே இடைவெளி இருத்தல். மற்றையது, அப்பாகங்களின்மீது செயற்படும் விசை திசைமாறுதல். விசை ஒரே திசையில் நீடிக்கும்வரை பாகங்கள் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும்; ஒலி எழாது. விசை மறுதிசைக்கு மாறும் கணத்தில் பாகம் இடைவெளியைக் கடந்து மறுபக்கத்தில் மோதுகின்றது. அம்மோதலே தட்டொலியாகும்.

ஆனால் இடைவெளி என்பது எப்போதும் பழுதன்று. ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் பற்சில்லுகளுக்கிடையே சிறிது இடைவெளி இருத்தல் வேண்டும். அன்றேல் எண்ணெய்ப் படலத்துக்கு இடமிராது. வெப்பத்தால் உலோகம் விரியும்போது பற்கள் இறுகிவிடும். எனவே முற்றிலும் இடைவெளியற்ற வாகனம் என ஒன்றில்லை. நாம் தேட வேண்டியது அளவுமீறிய இடைவெளியையே.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. ஒலி எழும் இடத்தைக் காதினாற் கண்டறிய முயல்வதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அவ்வழி பெரும்பாலும் ஏமாற்றும். வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்திற் செல்ல, உருக்கில் அது 5000 மீற்றர் அளவான வேகத்திற் பரவுகின்றது. எம்.ஜி.பி.யின் உடலோ தனிச்சட்டமின்றி உருக்குத் தகடுகளை ஒன்றாக ஒட்டி அமைத்த கூடாகும். பின்னச்சில் எழுந்த மோதல் ஸ்பிறிங்கு வழியாக அக்கூட்டினுட் புகுந்து, தகடு எங்கு இலகுவாக அதிர்கின்றதோ அங்கிருந்து நமது காதை வந்தடைகின்றது. பறையின் ஒரு புறத்தில் அடித்தாலும் முழங்குவது பறை முழுவதுமே. இருக்கையின் கீழிருந்து கேட்கும் ஒலி இருக்கையின் கீழேதான் பிறந்தது என்று கொள்ளல் ஆகாது.

'எங்கே' என்பதும் 'எப்போது' என்பதும்

ஆகவே வினாவையே நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். 'ஒலி எங்கிருந்து வருகின்றது?' என்பதற்குப் பதிலாக 'எவ்விசை திசைமாறும்போது ஒலி எழுகின்றது?' என வினவுதல் வேண்டும். இவ்வொரு மாற்றமே தேடலின் பெரும்பகுதியை இலகுவாக்கி விடுகின்றது.

வாகனத்தின்மீது செயற்படும் விசைகளைப் பிரித்து நோக்கலாம். மூன்றாம் கியரில் மெதுவாகச் செல்லும்போது முடுக்கி மிதியை அழுத்தியும் விட்டும் பார்க்க ஒவ்வொரு முறையும் தட்டொலி எழுமாயின், இயந்திரத்திலிருந்து சில்லுவரையுள்ள செலுத்துபாதையில் இடைவெளி உண்டு என்பது துணிபு. கியரை நடுநிலையில் விட்டு மேடுபள்ளமான பாதையில் உருளும்போது ஒலி எழுமாயின், தாங்கமைப்பின் புஷ்களையும், அதிர்வுதாங்கிகளைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளையும் ஐயுறலாம். பிறேக் பிடிக்கும்போது முன்புறத்தில் எழும் ஒலி முன் தாங்கமைப்பின் தேய்வையோ பிறேக்கின் பாகங்கள் தளர்ந்திருப்பதையோ காட்டும். வளைவுகளில் மட்டும் எழும் ஒலி சில்லின் பெயாரிங்கையோ ஸ்பிறிங்கின் பிணைப்பையோ சுட்டக்கூடும்.

இவ்வாராய்ச்சிகளுக்கு முன்னர் பின்பெட்டியை வெறுமையாக்கி விடுதல் நன்று. கட்டப்படாத ஜாக்கியொன்றினால் ஏமாற்றப்பட்டோர் பலர்.

விசை செல்லும் பாதை

முடுக்கி மிதியோடு தொடர்புற்ற தட்டொலியே இக்கார்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது. ஆதலின் செலுத்துபாதையினைச் சற்று விரிவாக நோக்குவோம்.

செலுத்துதண்டின் இரு முனைகளிலும் யூனிவேர்சல் மூட்டுகள் உள்ளன. பின்னச்சு ஸ்பிறிங்குகளின்மேல் ஏறி இறங்குவதால், தண்டு கோணம் மாறியும் சுழல வேண்டியுள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து விளக்கிய மூட்டு இதுவே. இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. சிலுவை வடிவான பாகமொன்றின் நான்கு முனைகளும் ஊசிபோன்ற மெல்லிய உருளைகள்மேல் அமர்ந்துள்ளன. கிறீஸ் வற்றி உருளைகள் தேயும்போது மூட்டினைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படியும். இது கண்ணுக்குப் புலனாகும் சான்றாகும்.

அடுத்தது டிபரென்சியல். வளைவிற் செல்லும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே விசையை வழங்கி, வேகத்தில் மட்டும் வேறுபட இடமளிப்பது இவ்வமைப்பு. 1960களின் பிற்பகுதியிலிருந்து எல்லா எம்.ஜி.பி. கார்களிலும் இடம்பெற்ற குழாய்வகை அச்சில், டிபரென்சியலின் சிறு பற்சில்லுகளின் பின்னாலுள்ள மெல்லிய வளையங்கள் தேய்வது தட்டொலிக்குப் பேர்பெற்ற காரணமாகும். அவ்வளையங்கள் மலிவானவை, அச்சின் பின்மூடியைக் கழற்றி, அரைத்தண்டுகளை வெளியே இழுத்து, அச்சினை வாகனத்திலிருந்து இறக்காமலே அவற்றை மாற்றலாம். இதனை அறியாதோர் முழு அச்சையுமே மாற்றிப் பெரும் பணத்தை இழப்பதுண்டு.

இங்குக் கணக்கொன்றும் உண்டு. பின்னச்சின் பெரிய பற்சில்லில் 43 பற்களும், அதனை ஓட்டும் சிறிய பற்சில்லில் 11 பற்களும் உள்ளன. விகிதம் ஏறத்தாழ 3.9 ஆகும். எனவே அச்சுக்குப் பின்னால், அதாவது சில்லின் பக்கத்தில் உள்ள ஒரு பாகை இடைவெளி, செலுத்துதண்டில் ஏறத்தாழ நான்கு பாகையாகப் பெருகித் தோன்றும். செலுத்துதண்டிலே இடைவெளி காணப்படுகின்றது என்பதற்காகச் செலுத்துதண்டே பழுதுற்றது எனத் தீர்மானித்தல் தவறு என்பது இதனாற் பெறப்படும்.

இறுதியாகக் கம்பிச் சில்லு. இச்சில்லு நான்கு நட்டுகளால் இறுக்கப்படுவதன்று. அச்சு முனையிலுள்ள குடத்தின் வெளிப்புறத்திலும் சில்லின் நடுவுட்புறத்திலும் ஸ்பிளைன் எனப்படும் நெடும்பற்கள் வெட்டப்பட்டுள்ளன. ஒன்றினுள் ஒன்றைச் செருகி, நடுவில் ஒரே பெரிய நட்டினால் இறுக்கிவிடுவர். அந்நட்டு சற்றே தளர்ந்திருந்தாலும் பற்கள் ஒன்றையொன்று அராவிக்கொண்டே இருக்கும்.

நேரிற் கண்ட ஓர் உதாரணம்

இங்கிலாந்தில் வாழ்ந்த நண்பரொருவரின் காரில் இத்தகைய தட்டொலி எழுந்தபோது நாம் உடனிருந்து பார்க்க நேர்ந்தது. கராஜொன்று இரு யூனிவேர்சல் மூட்டுகளையும் மாற்றியது. ஒலி குறைந்ததேயன்றி நீங்கவில்லை. பின்னச்சு முழுவதையும் மாற்ற வேண்டுமென அடுத்து ஆலோசனை கூறப்பட்டது. அதற்கான பணம் நண்பரிடம் இருக்கவில்லை. 'ஒலிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று மேலும் சில மாதம் ஓட்டவும் அவர் எண்ணினார்.

அச்சினைத் தொடுமுன்னர் எளிய சோதனையொன்றைச் செய்து பார்த்தோம். இயந்திரத்தை நிறுத்தி, கியரை நடுநிலையில் விட்டு, சமதரையில் காரை முன்னோக்கித் தள்ளிக் கைப்பிறேக்கை மெல்ல இழுத்தோம். பின்னர் பின்னோக்கித் தள்ளி மீண்டும் இழுத்தோம். திசைமாறும் ஒவ்வொரு முறையும் 'டொக்' என்ற அதே ஒலி கேட்டது.

இச்சோதனையின் தருக்கம் கவனிக்கத்தக்கது. கியர் நடுநிலையில் இருக்கும்போது செலுத்துதண்டிலும் டிபரென்சியலிலும் குறிப்பிடத்தக்க விசை ஏதுமில்லை. அவை தாமே சுழன்றுகொண்டிருக்கும். கைப்பிறேக்கோ இக்காரில் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். ஆகவே சந்தேகத்துக்குரிய பரப்பு பின் பிறேக்கு, சில்லின் பிணைப்பு, அச்சினை ஸ்பிறிங்குடன் இறுக்கும் போல்ற்றுகள் என்பனவாகச் சுருங்கிவிட்டது. அதுவரை முதற் சந்தேகத்துக்கு உள்ளாகியிருந்த டிபரென்சியல் இவ்வொலியைப் பொறுத்து விடுவிக்கப்பட்டது.

அடுத்து அச்சினை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, கைப்பிறேக்கை இறுக இழுத்துவிட்டுச் சில்லைக் கையால் முன்னும் பின்னுமாக அசைத்தோம். பிறேக் ட்றம் அசையவில்லை. இடப்புறச் சில்லு அசைந்தது. நட்டைக் கழற்றிச் சில்லை இழுத்தபோது உள்ளே செந்நிறத் தூள் படிந்திருந்தது. தட்டையான முகட்டுடன் இருக்க வேண்டிய பற்கள் கத்தி முனைபோற் கூர்ந்திருந்தன.

இதன் பொருள் யாது? பிறேக் ட்றம் குடத்துடன் பிணைந்தது, சில்லுடன் அன்று. இயந்திரத்தின் விசை சில்லைச் சென்றடைவதும், பிறேக்கின் விசை சில்லைத் தடுப்பதும் இப்பற்களின் வழியாகவே. அவை முற்றாக அழிந்துவிடின் குடம் தனியே நிற்கச் சில்லு தனியே சுழலும். அச்சில்லுக்குப் பிறேக்கும் இல்லாதொழியும். 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று எண்ணப்பட்ட ஒலி உயிராபத்தின் முன்னறிவித்தலாக இருந்தது.

குடத்தையும் சில்லையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. தேய்ந்த குடத்திற் புதிய சில்லைப் பூட்டின், பழைய பற்கள் புதிய பற்களையும் விரைவில் அராவிவிடும். அதன்பின் மிதியை விடும்போது மெல்லிய தட்டொன்று மட்டும் எஞ்சியது. அது பற்சில்லுகளின் இயல்பான இடைவெளி எனக் கொண்டு அத்துடன் நிறுத்தினோம்.

பெறப்படும் முடிவுகள்

ஜோன் ஸ்ருவேட் மில் 1843இல் வெளியிட்ட தருக்கவியல் நூலில், காரணத்தை அறிவதற்கான முறைகளாக ஒற்றுமை முறை, வேற்றுமை முறை முதலியவற்றை வகுத்துரைத்தார். ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாற்றாது வைத்துப் பயன் வேறுபடுகின்றதா என நோக்குவதே வேற்றுமை முறையின் சாரம். கியரை நடுநிலையில் விட்டுக் காரைத் தள்ளிய சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மில்லைப் படித்திராத திருத்துநர் பலர் இதனைத் தம் அனுபவத்தாலே கைக்கொள்கின்றனர்.

எனினும் மில்லின் முறைகளுக்குரிய இடர்ப்பாடும் இங்கே தலைகாட்டுகின்றது. ஒரு காரியத்துக்குக் காரணங்கள் பல ஒருங்கே இருக்குமாயின், ஒன்றை நீக்கியதும் காரியம் மறையாது, குறையும். மூட்டுகளை மாற்றிய கராஜ் முற்றிலும் தவறு செய்தது எனக் கூறவியலாது, அவையும் தேய்ந்தேயிருந்தன. ஒலி குறைந்தபோது, எஞ்சிய ஒலியும் அடுத்த பாகத்திலேதான் இருக்க வேண்டுமென ஊகித்ததே தவறு. பாகத்தை மாற்றுதல் வேறு, காரணத்தைக் காணுதல் வேறு. முன்னது பணத்தாலே கூடும். பின்னதற்குச் சிந்தனை வேண்டும்.

உடலுழைப்பு, மூளையுழைப்பு என்னும் பிரிவினை எவ்வளவு போலியானது என்பதற்கும் இச்சிறு ஆராய்ச்சி சான்றாகும். சில்லை அசைத்துப் பார்க்கும் கை அவ்வசைவின் பொருளை உணர்ந்தே அசைக்கின்றது. ஒலியின் மூலத்தைத் தேடுவோர் ஒவ்வொரு சோதனையையும் நாள்குறித்து எழுதிவைப்பதும், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவதும், விசை எப்போது திசைமாறுகின்றது என்ற வினாவைக் கைவிடாதிருப்பதும் அவசியம். ஒலி அடங்கியது என்பதனால் மட்டும் பழுது நீங்கிற்றெனக் கொள்ளாது, அது ஏன் அடங்கிற்று என்பதற்கும் விடை கண்ட பின்னரே அக்காரை மீண்டும் வீதியில் விடுதல் தகும்.