பேசக்கூடாத தலைப்பு

மொழி எப்படிப் பிறந்தது? இதைக் கேட்டாலே அந்தக் காலத்து மொழியியல்காரர்களுக்குள் சண்டை வந்துவிடும். 1866-ல் பாரிஸ் மொழியியல் கழகம் அதற்கு ஒரு வழி கண்டது: மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரை எதையும் ஏற்க மாட்டோம் என்று தன் விதிகளிலேயே எழுதி வைத்துவிட்டது.

இதென்ன அராஜகம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அன்றைய நிலையையும் பாருங்க. விலங்குகளின் குரலைப் பார்த்து மனிதன் பேசப் பழகினான் என்றார்கள் சிலர். வலியிலும் வியப்பிலும் எழுந்த ஒலிதான் மொழியானது என்றார்கள் வேறு சிலர். மாக்ஸ் முல்லர் 1861 விரிவுரைகளில் முன்னதற்கு 'பௌ-வௌ', பின்னதற்கு 'பூ-பூ' என்று கேலிப்பெயரே வைத்தார். எது சரி என்று சோதிக்க வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சத்தமாகப் பேசுகிறவர் கைதான் ஓங்கும்.

அதனால் கேள்வியே தப்பு என்று ஆகிவிடாது. பிற்பாடு, நிகரகுவாவில் காதுகேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒன்றுகூடி, தாங்களாகவே ஒரு சைகைமொழியை உருவாக்கினார்கள். 1980-களில் ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். ஒரு மொழி கண்ணெதிரே பிறந்தது! தலைப்பையே தடுத்திருந்தால் இந்தச் சான்றும் வாசலிலேயே நின்றிருக்கும்.

என் கட்சி இதுதான்: தலைப்பைத் தடுக்காதீங்க, சான்றைக் கேளுங்க. 'எது மூத்த மொழி' என்று நாம் போடுகிற சண்டைக்கும் இதுவேதான் மருந்து.